சீட் பில்லரை வீட்டிலேயே ஆக்ஸா பிளேடால் அறுத்துக் குறைக்கலாமா?

சத்துவாச்சாரி_சைக்கிள்

எல்லோருக்கும் வணக்கம். அக்கா மகன் படிக்க சென்னைக்குப் போய்விட்டதால் அவனுடைய கியர் சைக்கிள் ஒரு வருஷமாக எங்கள் மாடிப்படிக்குக் கீழே தூசி பிடித்துக் கிடந்தது. போன மாதம் அதை எடுத்துத் துடைத்து, இரண்டு டியூபும் மாற்றி, வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து காந்தி நகரில் இருக்கிற என் ஆபீசுக்கு அதிலேயே போக ஆரம்பித்திருக்கிறேன். காலையில் பாலாற்றுப் பாலத்தில் காற்று வாங்கிக்கொண்டு போவது அவ்வளவு நன்றாக இருக்கிறது, இனி ஸ்கூட்டியைத் தொடக்கூடாது என்றே முடிவு செய்துவிட்டேன்.

பிரச்சினை சீட் உயரம். என் உயரம் 150 செ.மீ., அவன் என்னைவிட ஒரு தலை உயரம். சீட் பில்லரை (சீட்டைத் தாங்குகிற குழாயை) இறக்கினால் ஒரு அளவுக்கு மேல் இறங்கவே மாட்டேன் என்கிறது, உள்ளே எதிலோ 'டக்' என்று இடித்து நின்றுவிடுகிறது. அப்படி நின்ற பிறகும் 12 செ.மீ. வெளியே தெரிகிறது. கிரீன் சர்க்கிளில் பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவே நிறுத்த வேண்டி வந்தால் சீட்டிலிருந்து குதித்துத்தான் இறங்குகிறேன். ஒரு நாள் அப்படிக் குதித்ததில் பெடல் முழங்காலில் இடித்து இன்னும் கன்றிப்போய் இருக்கிறது.

இரண்டு கடையில் கேட்டேன். ஒருவர், "சின்ன பில்லர் வரவழைக்கணும், எப்போ வரும்னு தெரியாது" என்றார். இன்னொருவர், "வைத்துவிட்டுப் போங்க, கிரைண்டரில் ஒரு இழுப்பு இழுத்துத் தருகிறேன்" என்றார். அவர் சொன்ன வேகத்தைப் பார்த்து எனக்குப் பயமாகிவிட்டது, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்பா வயரிங் வேலை செய்தவர். அவருடைய பெட்டியில் பைப் அறுக்கிற ஆக்ஸா பிரேம், ஒரு தட்டை அரம், ஒரு அரைவட்ட அரம், ஸ்பேனர் எல்லாம் அப்படியே இருக்கிறது. பெஞ்ச் வைஸ் கிடையாது. இதை வைத்து நானே அறுக்க முடியுமா? சுமார் 7 செ.மீ. குறைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அறுத்தால் பலம் போய்விடுமா, ஓட்டும்போது உடையுமா என்பதுதான் முக்கியமான பயம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கோட்டைவெளி

அக்கா, அறுக்கலாம், ஆனால் இன்றைக்கே பிளேடை எடுக்காதீர்கள். முதலில் எதில் இடிக்கிறது என்று பார்த்துவிடுங்கள். அறுத்ததை ஒட்ட முடியாது.

பில்லரை முழுசாக வெளியே உருவிவிட்டு, நேரான தென்னங்குச்சி ஒன்றை (துடைப்பத்திலிருந்தே உருவலாம், தடியானதாகப் பாருங்கள்) சீட் பைப்பின் (பில்லர் நுழைகிற பிரேம் குழாயின்) உள்சுவரை ஒட்டியபடி மெதுவாக இறக்குங்கள். முன் பக்கம், பின் பக்கம், இடது, வலது என்று நாலு பக்கமும். எந்தப் பக்கத்தில் தட்டுகிறதோ அங்கே குச்சியில் நகத்தால் ஒரு கீறல் போட்டு வெளியே எடுத்து அளந்தால், பில்லர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது, எதனால் நிற்கிறது என்று இரண்டும் தெரிந்துவிடும். செல்போன் டார்ச்சை அடித்தும் எட்டிப் பாருங்கள். பெரும்பாலும் பாட்டில் ஸ்டாண்டு மாட்டுகிற திருகுதான் காரணம். கடையில் கையில் கிடைத்த நீளத் திருகைப் போட்டு முடுக்கியிருப்பார்கள், அது உள்ளே ஒரு செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும். அப்படியிருந்தால் குட்டைத் திருகு மாற்றினால் போதும், அறுக்கவே வேண்டாம். அது இல்லையென்றால், சில பிரேமில் உள் துவாரத்தை மேலே கொஞ்ச தூரத்துக்கு மட்டும் சரியான அளவுக்குக் குடைந்திருப்பார்கள், அதற்குக் கீழே பைப் குறுகிவிடும். அதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது, பில்லரைத்தான் குறைக்க வேண்டும்.

இன்னொன்று, 7 செ.மீ. என்ற கணக்கு எப்படி வந்தது? இரண்டு காலும் தரையில் முழுசாகப் பதிய வேண்டும் என்று வைத்துப் பார்த்தீர்களா? அப்படியென்றால் அது அதிகம். சீட் உயரத்தைத் தரையை வைத்துப் பார்க்கக்கூடாது, பெடலை வைத்துத்தான் பார்க்க வேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதில் வையுங்கள். கால் மடங்காமல் நேராக நின்றால் அதுதான் சரியான உயரம். பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முட்டி தானாகக் கொஞ்சம் மடங்கும். இதைவிடத் தாழ்த்தினால் இறங்குவது சுலபம், ஆனால் பாலம் ஏறும்போது முட்டிக்கு முன்னால் வலி பிடித்துக்கொள்ளும், என் தங்கைக்கு அப்படித்தான் ஆனது. வழக்கமாகப் போடுகிற செருப்பையே போட்டுக்கொண்டு அளவு பாருங்கள். சீட்டின் மேல் ஜெல் கவர் மாட்டியிருந்தால் அதைக் கழற்றிவிட்டுப் பாருங்கள், அதுவே இரண்டு செ.மீ. தூக்கும்.

அப்புறம் பில்லரில் ஒரு காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் அலுமினியம். பில்லர் மேல் என்ன எழுதியிருக்கிறது என்றும் போடுங்கள்.

---

சத்துவாச்சாரி_சைக்கிள்

ரொம்ப நன்றி தம்பி. நேற்று ராத்திரியே எல்லாம் பார்த்துவிட்டேன்.

காந்தம் ஒட்டவில்லை, அலுமினியம்தான். பில்லரில் 27.2 என்று பொறித்திருக்கிறது, அதன் விட்டம் மி.மீ.-இல். மொத்த நீளம் அடியிலிருந்து சீட் பிடிக்கிற இடம் வரை 350 மி.மீ. அடியிலிருந்து 80 மி.மீ. உயரத்தில் ஒரு கோடும், குறைந்தது இதுவரை உள்ளே இருக்க வேண்டும் என்ற எழுத்தும் இருக்கிறது.

குச்சி முன் பக்கத்தில் மட்டும் 23 செ.மீ. ஆழத்தில் தட்டியது, மற்ற மூன்று பக்கமும் கீழே வரை தடையில்லாமல் போகிறது. பாட்டில் ஸ்டாண்டு திருகு இரண்டையும் கழற்றிவிட்டுப் பார்த்தேன், அப்பவும் அங்கேயே தட்டுகிறது. டார்ச்சில் பார்த்தால் திருகு ஏறுகிற அந்த நட்டே உள்ளே ஒரு பொத்தான் மாதிரி துருத்திக்கொண்டு தெரிகிறது.

நீங்கள் சொன்ன குதிகால் கணக்கில் பார்த்தால் நாலரை செ.மீ. இறங்கினால் போதும். 7 இல்லை. நல்லவேளை கேட்டீர்கள். அதாவது பில்லர் வெளியே ஏழரை செ.மீ. இருக்க வேண்டும்.

ஒரு விஷயம் விட்டுவிட்டேன். அக்கா மகன் லீவில் வந்தால் இதே சைக்கிளைத்தான் எடுப்பான். அவனுக்கு 17 செ.மீ. வெளியே வேண்டும். அறுத்த பிறகு அவனுக்கும் சரிப்பட்டு வருமா?

---

ராணிப்பேட்டை_ஃபிட்டர்

அம்மா, நான் ராணிப்பேட்டைக்காரன், சிப்காட்டில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நீங்கள் இவ்வளவு ஒழுங்காக அளந்து போட்டிருப்பதைப் பார்த்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. தைரியமாக அறுங்கள். ஆக்ஸாவுக்கு இது சின்ன வேலை.

முதலில் பலத்தைப் பற்றி. பில்லர் உடைவதும் பிரேம் விரிவதும் நீளம் குறைந்ததால் அல்ல, பைப்புக்குள் இருக்கிற பகுதி குறைவதால்தான். வெளியே நீட்டியிருக்கிற பகுதி ஒரு நெம்புகோல் மாதிரி. உள்ளே பிடிமானம் குறைவாக இருந்தால் நீங்கள் உட்கார்ந்து மிதிக்கிற ஒவ்வொரு மிதியிலும் அது பிரேமின் வாயைப் பிளக்கும். உள்ளே குறைந்தது பில்லர் விட்டத்தைப்போல இரண்டரை மடங்கு இருக்க வேண்டும், உங்களுக்கு அது 68 மி.மீ. வருகிறது. ஆனால் அதோடு நிறுத்தக்கூடாது. சீட் பைப்பும் மேல் பைப்பும் சேர்கிற வெல்டிங் இருக்கிறதே, பில்லரின் அடி அந்தச் சேர்மானத்தைத் தாண்டிக் கீழே போயிருக்க வேண்டும். உங்களுடையது சரிவான மேல் பைப் உள்ள சைக்கிளாக இருந்தால் சீட் பைப் சுமார் 5 செ.மீ. மேலே நீட்டிக்கொண்டிருக்கும், மேல் பைப்பின் தடிமன் ஒரு 4 செ.மீ., ஆக 9 தாண்டியாக வேண்டும். நான் 110 மி.மீ. என்று வைத்துக்கொள்ளச் சொல்வேன். அளந்து பார்த்து அதிகம் வந்தால் அதிகமாகவே வையுங்கள்.

இப்போது கணக்கு. 45 மி.மீ. மட்டும் அறுத்தால் பில்லர் அடி அந்த நட்டின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும், குழியில் விழும்போதெல்லாம் நட்டில் இடிக்கும், நாளைக்கு நட்டு சுழல ஆரம்பித்தால் அது தனித் தலைவலி. 55 அறுங்கள். மீதி 295. நீங்கள் ஓட்டும்போது 75 வெளியே, 220 உள்ளே, நட்டுக்கு மேலே 10 மி.மீ. இடைவெளி. உங்கள் அக்கா மகனுக்கு 170 வெளியே போனாலும் 125 உள்ளே இருக்கும், அவனுக்கும் சரி.

இதில்தான் ஆபத்தான ஒரு இடம் இருக்கிறது, கவனமாகப் படியுங்கள். அந்தப் பழைய கோடு அடியிலிருந்து 80-இல் இருந்தது. நீங்கள் அடியில் 55 எடுத்துவிட்டால் அதே கோடு இப்போது அடியிலிருந்து வெறும் 25 மி.மீ.-இல் நிற்கும். யாராவது அந்தக் கோட்டை நம்பிச் சீட்டைத் தூக்கினால் ஒரு அங்குலம்தான் உள்ளே இருக்கும். அதனால் அறுத்து முடித்ததும் முதல் வேலையாக, புது அடியிலிருந்து 110-இல் சுற்றிவர ஒரு கோடு போடுங்கள். அரத்தால் கீறாதீர்கள், கீறல் விழுந்த இடத்தில்தான் அலுமினியம் விரிசல் விடும். அழியாத மார்க்கர் போதும். பழைய கோட்டையும் எழுத்தையும் கறுப்பு பெயின்ட் வைத்து மறைத்துவிடுங்கள்.

பிளேடு. பெட்டியில் இருக்கிற பழைய பிளேடு அநேகமாக 18 பல், வயரிங் பைப்புக்குப் போட்டது. பிளேடின் மேலேயே எண் அச்சடித்திருக்கும், ஒரு அங்குலத்துக்கு எத்தனை பல் என்று. 18-இல் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் 1.4 மி.மீ. தூரம். உங்கள் பில்லரின் சுவர் இரண்டு மி.மீ. பக்கம்தான் இருக்கும், அதற்குள் ஒரு பல்தான் நிற்கும், அது சுவரைக் கவ்விக்கொண்டு பல் உடையும். லாங் பஜாரில் எந்த ஹார்டுவேர் கடையிலும் 32 பல் கேளுங்கள், இல்லாவிட்டால் 24 வாங்குங்கள். பல் உங்களை விட்டு முன்னால் பார்த்தபடி மாட்ட வேண்டும். தள்ளும்போதுதான் அறுக்கும், இழுக்கும்போது சும்மா வர வேண்டும். சிறகு நட்டை நன்றாக முடுக்குங்கள், பிளேடைச் சுண்டினால் 'டிங்' என்று கேட்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் வெட்டு கோணலாகப் போகும்.

கோடு நேராக வர ஒரு பழைய வழி: தினசரி காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் நேரான ஓரம் 55 மி.மீ. குறியில் படும்படி பில்லரைச் சுற்றி இறுக்கமாகச் சுற்றுங்கள். சுற்றளவு எட்டரை செ.மீ.தான், தாளின் முனை ஒன்றன்மேல் ஒன்று ஏறும். இரண்டு ஓரமும் பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தால் அந்த ஓரம் பில்லருக்குச் சரியான செங்குத்து. அதை ஒட்டி மார்க்கரால் சுற்றிவரக் கோடு போடுங்கள். பிறகு கேஸ் ட்யூபுக்குப் போடுகிற ஹோஸ் கிளிப் பெரிய அளவில் ஒன்று வாங்கி, கோட்டை ஒட்டி முடுக்கினால் பிளேடுக்கு அது ஒரு கரை மாதிரி இருக்கும். கிளிப் சீட் இருக்கிற பக்கம் இருக்கட்டும், அறுந்து விழும் பக்கம் வேண்டாம்.

வைஸ் இல்லாவிட்டால் பரவாயில்லை. சீட்டைக் கழற்றாதீர்கள், அதுவே நல்ல கைப்பிடி. மர ஸ்டூலின் ஓரத்தில் இரண்டு மரத்துண்டு ஆணியடித்து நடுவில் பில்லர் உட்கார ஒரு பள்ளம் மாதிரி வைத்துக்கொண்டு, பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஸ்டூலோடு சேர்த்து இறுக்கிக் கட்டுங்கள். ரப்பர் பிடிப்புக்கு நிகர் கிடையாது, கீறலும் விழாது. இன்னொருவர் சீட்டைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

தொடங்கும்போது வெறும் பிளேடு வழுக்கும். அரத்தின் விளிம்பால் கோட்டின்மேல் ஒரு சின்னப் பள்ளம் போட்டுவிட்டு, கட்டைவிரல் நகத்தைப் பக்கத்தில் அணைகொடுத்து, நாலைந்து தடவை லேசாக இழுத்துத் தடம் பிடியுங்கள். பிறகு முழு பிளேடையும் உபயோகித்து, நிதானமாக, நொடிக்கு ஒரு தள்ளுக்கு மேல் வேண்டாம். அலுமினியம் பல்லில் பசை மாதிரி ஒட்டும். முன்பெல்லாம் ஒரு துளி மண்ணெண்ணெய் விடுவோம், இப்போது எங்கே போவது, மெழுகுவர்த்தியைப் பிளேடில் தேய்த்துக்கொண்டால் போதும்.

சுவரைத் துளைத்து உள்ளே போய்விட்டது என்று தெரிந்ததும் நிறுத்துங்கள். அப்படியே கீழே வரை ஒரே போக்கில் அறுக்கக்கூடாது. பில்லரைக் கொஞ்சம் உருட்டி, அறுந்த இடத்தின் ஓரத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள். இப்படிச் சுற்றிச் சுற்றி வந்தால் பிளேடு எப்போதும் சுவரின் மேல் வழுவழுப்பாக ஓடும், பல் மாட்டாது, வெட்டும் கோட்டை விட்டுப் போகாது. கடைசி அரை செ.மீ.-க்கு அழுத்தாதீர்கள்.

---

குடியாத்தம்_கியர்

ஐயா சொன்னதோடு என் அனுபவத்தையும் சேர்க்கிறேன், ஏனென்றால் நான் கிரைண்டர் வழியில் போய்க் கஷ்டப்பட்டவன். ஒரு பட்டறையில் கொடுத்தேன், கட்டிங் வீலில் இரண்டு நிமிஷத்தில் துண்டாக்கிக் கொடுத்தார்கள். அடி ஓரம் முழுக்கப் பிசிறு, மடிந்து வெளிப்பக்கம் ஒரு உதடு மாதிரி துருத்தியிருந்தது. அவர்களும் தேய்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. பைப்புக்குள் தள்ளும்போது இறுக்கமாகத்தான் போனது, இறுக்கமாக இருந்தால் நல்லதுதானே என்று சுத்தியலால் தட்டி இறக்கிவிட்டேன். கிரீஸும் போடவில்லை. ஐப்பசி மழையில் பத்து நாள் ஓட்டினேன், அதற்கு மேல் அது அசையவே இல்லை. ஆறு மாசம் கழித்து லேத் பட்டறையில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பில்லரின் தலையை வைஸில் பிடித்து, பிரேமையே சுழற்றித்தான் எடுத்தார்கள். உள்ளே நீளவாக்கில் வாய்க்கால் மாதிரி கீறல்.

அலுமினியத்தை அந்தக் கட்டிங் வீலில் வைக்கவே கூடாது என்று பிறகுதான் தெரிந்தது. கல்லின் துளைகளில் அலுமினியம் உருகி அடைத்துக்கொள்ளும், கல் சூடேறிச் சிதறவும் வாய்ப்பு உண்டு. அந்தக் கடையிலிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தது நல்ல காரியம் அக்கா.

ஐயாவிடம் ஒரு சந்தேகம். பிளம்பர் வைத்திருக்கிற பைப் கட்டர், சுற்றிச் சுற்றி முடுக்குவார்களே, அதில் அறுத்தால் கோடு பிசகாமல் வருமே, அது ஆக்ஸாவைவிட மேலில்லையா?

---

ராணிப்பேட்டை_ஃபிட்டர்

தம்பி, கோடு அழகாக வரும், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டர் அறுப்பதில்லை, அமுக்கிப் பிதுக்குகிறது. உள்பக்கம் ஒரு வளையம் மாதிரி மடிப்பு நிற்கும், வெளிப்பக்கமும் கொஞ்சம் மேடு தட்டும். 27.2 பில்லர் 27.2 துவாரத்தில் போகிற இடத்தில் அந்தக் கொஞ்சமே அதிகம். அரம் போட்டு மேட்டை எடுத்துவிடுவேன் என்றால் தாராளமாக உபயோகிக்கலாம்.

உண்மையில் வெட்டு துல்லியமான செங்குத்தாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. பில்லரின் அடி எதன்மேலும் உட்காரப்போவதில்லை, அந்தரத்தில்தான் தொங்கப்போகிறது. ஒரு மி.மீ. கோணலாக இருந்தால் ஒன்றும் ஆகாது. பிசிறுதான் எதிரி.

அம்மா, அறுத்த பிறகு செய்ய வேண்டியது: தட்டை அரத்தால் முகத்தைச் சமப்படுத்துங்கள். பிறகு வெளி ஓரத்தில் அரத்தைச் சாய்த்துப் பிடித்து, பென்சில் சீவுவதுபோல, சுற்றிவர ஒரு மி.மீ. சரிவு எடுங்கள். உள் ஓரத்துக்கு அரைவட்ட அரத்தின் வளைந்த பக்கம். கடைசியில் 180 எமரி, பிறகு 400 இருந்தால் அதையும் போடுங்கள். பிசிறு போய்விட்டதா என்று விரலால் தடவிப் பார்க்காதீர்கள், ஒரு பஞ்சை ஓரத்தில் ஓட்டுங்கள். நூல் மாட்டினால் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். அலுமினியத் தூள் தோலுக்குள் ஏறினால் முள்ளைவிட மோசம், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், வாயால் ஊதாதீர்கள். சோப்புத் தண்ணீரில் கழுவி, காய்ந்த பிறகுதான் பிரேமில் போட வேண்டும். தூள் பைப்புக்குள் விழுந்தால் நேரே கீழே பெடல் பேரிங்குக்குப் போய்ச் சேரும்.

கிரீஸ் கட்டாயம். அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடந்தால் அலுமினியம் வெள்ளையாகப் பூத்து, பூத்ததே ஆப்பு மாதிரி இறுகிவிடும். குடியாத்தம் தம்பிக்கு நடந்தது அதுதான்.

---

வாலாஜா_வாத்தியார்

நல்ல இழை. பள்ளிக்கூடத்தில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கிற சைக்கிளுக்கும் இந்தக் கேள்வி வருஷா வருஷம் வரும், குட்டையான பிள்ளைகள் வந்து கேட்பார்கள், அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அந்த மாதிரிச் சாதாரண சைக்கிளில் பில்லர் இரும்புக் குழாய், மேல் முனை மட்டும் ஒடுங்கியிருக்கும், அந்த ஒடுங்கிய பகுதியில்தான் சீட்டின் கிளாம்ப் ஏறும். அதனால் மேலே அறுத்துவிடலாம் என்று நினைக்கவே கூடாது, மீதி இருக்கிற தடித்த பகுதியில் கிளாம்ப் நுழையாது. எப்போதும் அடியில்தான். அறுக்கும் முன்பு கிளாம்ப் அந்த ஒடுக்கத்தின் அடிவரை இறங்கி உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பாதியில் நிற்க முடுக்கியிருப்பார்கள், அதை இறக்கினாலே ஒரு பெண்ணுக்குப் போதுமானதாக இருந்தது.

இரும்புக்கு மெழுகு வேண்டாம், தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. மேலே பூசிய பளபளப்பு முலாம் ரொம்பக் கடினம், புது பிளேடும் முதலில் வழுக்கும், அரத்தால் அந்த முலாமைக் கோட்டின்மேல் மட்டும் எடுத்துவிட்டால் பிறகு வெண்ணெய் மாதிரி போகும். அறுத்த முகத்தில் முலாம் கிடையாது என்பதால் துரு அங்கேதான் ஆரம்பிக்கும், கொஞ்சம் பெயின்ட் தடவிக் காயவைத்துப் பிறகு கிரீஸ் போடுங்கள்.

கார்பன் பில்லர் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்துவிட்டு அறுக்கக் கிளம்பிவிட வேண்டாம். அதற்குப் பிளேடும் வேறு, முறையும் வேறு, அதன் தூளை மூச்சில் இழுக்கக்கூடாது. இங்கே பேசியது எல்லாம் இரும்புக்கும் அலுமினியத்துக்கும்தான்.

---

சத்துவாச்சாரி_சைக்கிள்

முடித்துவிட்டேன்! ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கே மொட்டை மாடியில் உட்கார்ந்துவிட்டோம், எட்டு மணிக்கு மேல் நம்ம ஊர் வெயிலில் இரும்புச் சாமானைத் தொடவே முடியாதே. அக்கா மகனும் வெள்ளிக்கிழமை ராத்திரி வந்திருந்தான், அவன் சீட்டைப் பிடித்துக்கொண்டான்.

லாங் பஜாரில் 32 பல் இல்லை, 24 தான் கிடைத்தது. பெட்டியில் இருந்த பழையதைப் பார்த்தேன், ஐயா சொன்னபடி 18. காலண்டர் தாள் சுற்றுகிற வேலை மட்டும் மூன்று தடவை செய்தேன், ஓரம் ஒரு நூல் அளவு விலகினாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. ஹோஸ் கிளிப்பை முடுக்கிவிட்டு, அரத்தால் பள்ளம் போட்டுத்தான் ஆரம்பித்தேன். முதல் ஐந்து நிமிஷம் கை எனக்குச் சொல்பேச்சுக் கேட்கவில்லை, அழுத்தி அழுத்தித் தள்ளினேன், பிளேடு நின்று நின்று போனது. அப்புறம் அழுத்துவதை விட்டுவிட்டு பிளேடின் எடையிலேயே தள்ளினேன், உடனே சத்தமே மாறிவிட்டது. கரகரவென்று இருந்தது, ஒரே சீராக 'ஸ்ஸ்' என்று வர ஆரம்பித்தது. வெள்ளிச் சரிகைத் துணுக்கு மாதிரி தூள் ஸ்டூலுக்குக் கீழே விரித்திருந்த நாளிதழில் குவிந்துகொண்டே வந்தது. மூன்று தடவை உருட்டினோம். மெழுகு இரண்டு தடவை. எல்லாம் சேர்த்து இருபத்தைந்து நிமிஷம். கடைசியில் துண்டு 'டொக்' என்று விழுந்தபோது அவன் கைதட்டினான்.

வெட்டு ஒரு பக்கம் அரை மி.மீ. தாழ்வு. அரத்தில் சரியாகிவிட்டது. பஞ்சு வைத்துப் பார்க்கிற யோசனைக்குத் தனி நன்றி, பார்வைக்கு வழுவழுப்பாகத் தெரிந்த இடத்தில் இரண்டு தடவை நூல் மாட்டியது, உள் ஓரத்தில். அதைத் தேய்த்து முடிக்க அறுத்ததைவிட அதிக நேரம் ஆனது.

என் பிரேமில் சீட் பைப் 55 மி.மீ. மேலே நீட்டியிருக்கிறது, சேர்மானத்தின் அடிவரை அளந்தால் 97. அதனால் 110 கோடு சரியாக இருக்கிறது. சிவப்பு மார்க்கரில் போட்டு, பழைய கோட்டுக்கு மேல் கறுப்பு பெயின்ட் அடித்துவிட்டேன். அக்கா மகனை நிறுத்திவைத்து, இந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரிந்தால் சைக்கிளை எடுக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அவனுக்கு 17-இல் வைத்துப் பார்த்தோம், கோடு உள்ளேதான் இருக்கிறது.

சீட் பைப்புக்குள் குச்சியில் துணி சுற்றித் துடைத்ததில் செம்மண் மாதிரி துருத்தூள் வந்தது. துடைத்து, கிரீஸ் தடவி, பில்லரை வைத்துக் கையை விட்டேன், தட்டாமல் தள்ளாமல் தானாகவே வழுக்கிக்கொண்டு இறங்கியது. இன்றைக்கு ஆபீசுக்குப் போனேன். கிரீன் சர்க்கிளில் சிவப்பு விழுந்தது, சீட்டில் உட்கார்ந்தபடியே இடது கால் நுனியை ஊன்றி நின்றேன். குதிகால் கணக்கும் சரியாக இருக்கிறது, பாலம் ஏறும்போது முட்டி இழுக்கவில்லை.

ஒரு கேள்வி மட்டும். விருதம்பட்டு தாண்டியதும் மிதிக்கும்போது சீட் பக்கத்திலிருந்து லேசாக 'கிறிச் கிறிச்' என்று வருகிறது. எழுந்து நின்று மிதித்தால் வரவில்லை. அறுத்ததால் ஏதாவது ஆகிவிட்டதா?

---

ராணிப்பேட்டை_ஃபிட்டர்

ரொம்ப சந்தோஷம் அம்மா. எழுந்து நின்றால் சத்தம் வரவில்லை என்றால் அது சீட் பக்கம்தான், அறுத்த முனை இல்லை. அடியில் எதையும் தொடாமல் இருக்கிற முனை சத்தம் போடாது. அறுக்கும்போது சீட்டைப் பிடித்து உருட்டினீர்களே, அதில் சீட்டின் கம்பியைப் பிடிக்கிற போல்ட்டு கொஞ்சம் தளர்ந்திருக்கும், அல்லது கம்பியைப் பிடிக்கிற அந்தக் கிளாம்பின் பல்வரிசையில் தூள் புகுந்திருக்கும். அந்த போல்ட்டைக் கழற்றி, இரண்டு கம்பியையும் பிடிக்கிற பள்ளங்களையும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் துடைத்து, போல்ட்டின் மரையில் மட்டும் ஒரு சொட்டு கிரீஸ் வைத்து மறுபடி முடுக்குங்கள்.

அப்படியும் போகாவிட்டால் பிரேம் வாயில் இருக்கிற கிளாம்பைக் கழற்றி, அதன் உள்பக்கத்தைத் துடைத்துப் போடுங்கள். கிளாம்புக்கு மேலே பிதுங்கி நிற்கிற கிரீஸை இன்றைக்கே துணியால் வழித்துவிடுங்கள், நம்ம ரோட்டு மண் அதில் ஒட்டினால் எமரி மாதிரி தேய்க்கும். மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவை பில்லரை வெளியே உருவித் துடைத்து, புது கிரீஸ் தடவி வையுங்கள்.